கம்பைலரும் திருப்பூர் பனியனும்

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியல. இன்னிக்கு கொஞ்சம் பொட்டி தட்டுற மேட்டர். ஆனா பயப்படாம படிக்கலாம், நடுவுல பனியன் எல்லாம் வருது :)

போன வாரம் ஊருக்குப் போனப்ப சித்தப்பா பையன் வந்திருந்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம். "ப்ராஜக்ட் என்னடா தம்பி?"ன்னு கேட்டேன்.

"காந்திபுரத்துல ஒரு சென்டர்ல சொல்லி வெச்சாச்சுங்ணா. ரிப்போர்ட் எல்லாம் அவங்களே குடுத்துருவாங்க."

திட்டலாம்னு வாயைத் திறந்து, அப்படியே மூடிக்கிட்டேன். ஏழு வருஷத்துக்கு முன்னாடி நானும் காசு குடுத்து வாங்குனவன்தான். இத்தனைக்கும் அப்ப சொந்தமா ஒரு குட்டி மொழி செய்யணும்னு ஆசை இருந்துச்சு. கம்பைலர் பாடத்துல படம் வரைஞ்சு மனப்பாடம் பண்ணுனதும், லெக்ஸ், யாக் வெச்சு ஒரு கால்குலேட்டர் செஞ்சதும்தான் மிச்சம். ஆசையைச் சொன்னப்ப, "அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரன் வேலைப்பா"ன்னு சொல்லிட்டாங்க. நானும் நம்பிட்டேன்.

அது ஒரு காலத்துல நெஜம்தான். அஞ்சு மொழி, நாலு வகை ப்ராசசர்னு வெச்சுக்குங்க. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா எழுதுனா இருபது கம்பைலர். நடுவுல எல்லாருக்கும் பொதுவா ஒரு இடைமொழி இருந்தா, அஞ்சும் நாலும் ஒம்பது துண்டு போதும். இந்த யோசனை 1958-லயே வந்தாச்சு. ஆனா ஊர்ல எல்லாரும் எடுத்துப் புழங்குற மாதிரி அமைஞ்சது எல்எல்விஎம் வந்த பொறகுதான். 2000-ல இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்துல, மும்பை ஐஐடில படிச்ச விக்ரம் அட்வேயும் அவரோட மாணவர் கிறிஸ் லாட்னரும் ஆரம்பிச்சது. 2003-ல எல்லாருக்கும் திறந்து விட்டாங்க. ரஸ்ட், ஸ்விஃப்ட், ஜூலியா எல்லாம் இது மேலதான் ஓடுது. கவனிங்க, தொடங்குனது ஒரு வாத்தியாரும் ஒரு மாணவனும். பெரிய கம்பெனி பின்னாடிதான் வந்துச்சு.

இது திருப்பூர்க்காரங்களுக்குச் சொல்லியா தரணும்? நிட்டிங் ஒரு இடம், டையிங் ஒரு இடம், தையல் ஒரு இடம். பனியன் போடணும்னா நூல்மில்லுல இருந்து பேக்கிங் வரைக்கும் ஒருத்தனே வெச்சிருக்கத் தேவையில்ல. கை மாறுறது துணி. அதே துணியை டீ-சர்ட்டாவும் தைக்கலாம், ஜட்டியாவும் தைக்கலாம். கம்பைலர்ல அந்தத் துணிதான் இடைமொழி. நாம நம்ம மொழியைப் படிச்சு துணியா நெய்ஞ்சு குடுத்தாப் போதும். அதைச் சீராக்குறதும், இன்டெல்லுக்கோ ஏஆர்எம்முக்கோ தைக்கிறதும் அங்க ஜாப் ஒர்க்.

சரி, நெய்யறதுல நமக்குன்னு என்ன இருக்கு? இருக்குங்க. முத்து அண்ணாமலை உருவாக்குன 'எழில்' மொழியை எடுத்துக்குங்க. 2009-லயே அதைப் பத்தி கட்டுரை வந்தாச்சு. பைத்தான்ல எழுதுன இன்டர்ப்ரெட்டர். "பிரின்டுக்குப் பதிலா பதிப்பின்னு போட்டா அது புது மொழியா?"ன்னு நக்கல் பண்றவங்க உண்டு. அவங்க ஒண்ணைக் கவனிக்கல. எழில்ல நிபந்தனை முதல்ல வரும், 'ஆனால்' அதுக்குப் பின்னாடி வரும். 'மழை வந்தா குடை எடு'ன்னுதானே நாம பேசறோம்? அந்த வரிசைக்குத் தகுந்த மாதிரி இலக்கணமும் மாறுது. அது வெறும் வார்த்தை மாத்தற வேலை இல்ல.

இன்னொண்ணு. 'கொ' நமக்கு ஒரு எழுத்து. யூனிகோட்ல வழக்கமா ரெண்டு குறி: க்கு ஒண்ணு, கொம்பும் காலும் சேர்ந்து ஒண்ணு. வெறும் குறியை எண்ணுற கம்பைலர், 'பத்தாவது எழுத்துல தப்பு'ன்னு சொன்னா, நீங்க பத்தாவது எழுத்தைப் பாத்து முழிப்பீங்க. இதெல்லாம் கலிஃபோர்னியாவுல இருக்கறவனுக்கு உறுத்தாது. நமக்குத்தான் உறுத்தும். உறுத்துறவன்தான் சரி பண்ணுவான்.

"இதைப் படிச்சா வேலை கிடைக்குமா?"ன்னு கேப்பீங்க. கம்பைலருக்குன்னே ஆள் எடுக்குற இடம் கம்மிதான், ஒத்துக்கறேன். ஆனா காசு குடுத்து வாங்குன ப்ராஜக்டைக் காட்டி இன்டர்வியூல நான் முழிச்ச முழி எனக்குத்தான் தெரியும். இருநூறு வரியா இருந்தாலும் சொந்தமா எழுதுனவன் அப்படி முழிக்க மாட்டான். நம்ம காலேஜுங்ககிட்ட நான் கேக்கறது ஒண்ணுதான்: கம்பைலர் லேபை கால்குலேட்டரோட நிறுத்தாதீங்க. எல்எல்விஎம் கூடவே 'கலைடாஸ்கோப்'னு ஒரு குட்டி மொழியைப் படிப்படியா செய்யச் சொல்லித்தர்ற பாடம் இலவசமா இருக்கு. அதை ஒரு செமஸ்டர் செய்ய விடுங்க.

அன்னிக்கு ராத்திரி தம்பியை உக்கார வெச்சு, அஞ்சு வரி சி ப்ரோகிராமை இடைமொழியா மாத்திக் காட்டினேன். ரெண்டையும் ரெண்டையும் கூட்டச் சொன்ன எடத்துல, ஓட்டறதுக்கு முன்னாடியே நாலுன்னு போட்டு வெச்சிருந்துச்சு. ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு இருந்தான். அப்பறம், "இதுல நாம எதாச்சும் சேக்க முடியுமாங்ணா?"ன்னான்.

சென்டர்ல குடுத்த அட்வான்ஸ் திரும்ப வராதாம். போனாப் போகட்டும்னு சொல்லியிருக்கேன். இன்னும் முடிவு சொல்லல பையன்.

டிஸ்கி: காசு குடுத்து ப்ராஜக்ட் வாங்குன நண்பர்கள் பின்னூட்டத்துல ஒத்துக்கலாம். நான் மட்டும் தனியா மாட்டிக்கிட்டு நிக்கறேன் :(