பிறப்புறுப்பில் வாடை: சூடா, தொற்றா? எப்போது டாக்டரைப் பார்க்கணும்?

‘உடம்பு சூடு, அதான் வெள்ளைப்படுது’ என்று வெந்தயத் தண்ணீரோடு விட்டுவிடுவோர் திருச்சி, ஸ்ரீரங்கம் பக்கமும் உண்டு. வியர்வை வாடை என்று நினைத்து வாசனை வாஷ் வாங்குவோரும் உண்டு. தொற்று இருந்தால் இரண்டுமே கேட்காது.

எது இயல்பு?

லேசான புளிப்பு வாடை இயல்பு. லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா உருவாக்கும் அமிலம்தான் காரணம். உள்ளே சோப்பு, வாஷ் போட்டுக் கழுவினால் அந்தப் பாதுகாப்பு குறையும். வெளிப்புறத்தைத் தண்ணீரால் கழுவினாலே போதும்.

எது தொற்று?

* மீன் வாடை, சாம்பல் நிறத்தில் நீர்த்த வெள்ளைப்படுதல்: பாக்டீரியல் வஜைனோசிஸ் ஆக இருக்கலாம்.
* தயிர்த் திப்பி போல, கடும் அரிப்பு, வாடை குறைவு: பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம்.
* மஞ்சள், பச்சை நிறத்தில் நுரை: ட்ரைகோமோனியாசிஸ் ஆக இருக்கலாம். கணவருக்கும் சிகிச்சை வேண்டும்.

மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. அக்காவுக்குக் கொடுத்த மாத்திரை தங்கைக்கு உதவாமல் போகலாம்.

எப்போது போகணும்?

வாடை மாறி சில நாள் நீடித்தாலே காட்டிவிடலாம். காய்ச்சல், அடிவயிற்று வலி இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ தாமதிக்கக் கூடாது. மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் கலந்து துர்நாற்றத்துடன் வெளியேறினால், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை அவசியம்.

எங்கே போகலாம்?

திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் மகளிர் பிரிவில் காட்டலாம். சந்தேகம் கேட்க 104-ஐ அழைக்கலாம். கல்யாணம் ஆகாத பெண்களுக்கும் இது வரும். கூச்சத்தில் தள்ளிப்போட வேண்டாம்.