வெட்டு உத்தரவு வரும்வரை



சங்கராபுரம் வட்டாரத்தில் கரும்பு போட்டவர், நடவு தேதி, ரகம், பரப்பு எல்லாம் சொல்லி ஆலையில் பதிகிறார். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு ஆலைகள் உண்டு. பதிந்த கரும்பை வேறு பக்கம் விற்க முடியாது. ஆலையின் வெட்டு உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டும். அது தள்ளிப்போனால் கரும்பு பூத்து, சக்கையேறி, எடை இறங்கும். வெட்டியது வண்டியிலேயே காய்ந்தால் சர்க்கரையும் குறையும்.

இந்தப் பதிவும் ஓர் ஒப்பந்தம்தான். ஆனால் வரக்கூடிய எல்லாவற்றையும் எந்த ஒப்பந்தத் தாளிலும் எழுதிவிட முடியாது. எழுதாத இடத்தில் நாணயம் வேண்டும். ஜெர்மனியின் சிவில் சட்டம் 1900 முதல், 242ஆம் பிரிவில், இதைக் கடமையாகவே வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தை நடத்தும்போது எதிர்த்தரப்பிடம் பொய் சொல்லக் கூடாது என்று கனடா உச்ச நீதிமன்றம் 2014இல் பாசின் வழக்கில் தீர்ப்பளித்தது. நமது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் அப்படி ஒரு பொதுப் பிரிவு கிடையாது. மோசடி, வற்புறுத்தல், தகாத செல்வாக்கு என்று தனித்தனியாகத்தான் இருக்கிறது. 67ஆம் பிரிவு சற்று நெருங்கி வருகிறது: வேலையை முடிக்க நியாயமான வசதி செய்து தராதவர், முடியவில்லையே என்று அடுத்தவர் மேல் பழி போட முடியாது.

கரும்புக்கென 1966ஆம் ஆண்டுக் கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறது. கரும்பு கொடுத்த 14 நாளில் பணம் வர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. அப்படியிருந்தும் நிலுவை கேட்டு நம் விவசாயிகள் தெருவில் உட்கார்ந்ததை மறக்க முடியுமா?

பணம் தாமதமாவதைக்கூடப் பொறுக்கலாம். உண்மையைச் சொல்லாமல் ‘நாளைக்கு, நாளைக்கு’ என்று இழுத்தடிப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. இயந்திரம் பழுதென்றால் பழுது என்று சொல்லட்டும். வெட்டு ஒரு மாதம் தள்ளும் என்று முன்கூட்டியே தெரிந்தால், விவசாயி வெட்டு ஆட்களுக்கு முன்பணம் கொடுக்காமல் நிறுத்தி வைப்பார். கடனுக்குத் தவணை கேட்பார். வெட்டிய கட்டையில் தழைக்கும் மறுதாம்புக்குத் தண்ணீர் போதுமா என்று கணக்குப் பார்ப்பார். அதே நாணயம் விவசாயிக்கும் வேண்டும். வெல்ல விலை ஏறிவிட்டது என்று, பதிந்த கரும்பை ஆலைக்குத் தெரியாமல் காய்ச்சிவிடுவதும் தப்புதான்.

உங்கள் பதிவுத் தாளை எடுத்துப் பாருங்கள். வெட்டு தள்ளினால் யார் பொறுப்பு என்று அதில் ஒரு வரியாவது இருக்கிறதா? இருந்தாலும் இல்லாவிட்டாலும் எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த அரவைப் பருவத்துக்குள் அச்சிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்