ஐந்து லட்சமும் மூன்று நாள் கப்பலும்

அந்தமானில் ஒருவருக்கு இதயத்தில் அடைப்பு என்று டாக்டர் சொன்னதும் வீட்டார் முதலில் விசாரிப்பது விமானத்தில் இடம் இருக்கிறதா என்பதைத்தான். கையில் இருப்பது எந்தக் காப்பீட்டு அட்டை என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் எழுகிறது. ஓய்வுபெற்றோருக்கான காப்பீடுகளை ஒப்பிட்டுக் காட்டும் துண்டறிக்கைகளும் விளம்பரங்களும் இந்த வரிசையைக் கவனிப்பதே இல்லை. பிரீமியம் எவ்வளவு, காப்புத் தொகை எவ்வளவு என்பதோடு அவை நின்றுவிடுகின்றன. கடலைக் கணக்கில் சேர்க்காத ஒப்பீடு தீவுக்கு உதவாது.

போர்ட் பிளேயருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது. ஆனாலும் சிக்கலான நோய் என்றால் சென்னை அல்லது கொல்கத்தா என்ற நிலை மாறவில்லை. ஜி.பி. பந்த் மருத்துவமனையுடன் 2015 முதல் மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது. அங்கே தரமான மருத்துவம் கிடைக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. அதைத் தாண்டிய சிகிச்சைக்கு 'ரெஃபர்' எழுதி மெயின்லேண்டுக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது. சென்னைக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள். தென்கோடித் தீவான கேம்ப்பெல் பே பக்கத்து முதியவரோ, முதலில் போர்ட் பிளேயர் வந்து சேரவே ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கடலைக் கடந்தாக வேண்டும்.

இனி அட்டைகளைப் பார்ப்போம். எழுபது வயது நிறைந்த எல்லோருக்கும், வருமான வரம்பு எதுவும் இல்லாமல், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவம் தரும் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கியது. நல்ல திட்டம்தான். ஆனால் தீவுக்குள் பெரிய சிகிச்சைக்கு ஆதாரமாக நிற்பது அரசு மருத்துவமனை. அங்கே அட்டை இல்லாமலேயே வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். அட்டைக்கு உண்மையான வேலை வருவது மெயின்லேண்டில். அங்கே போகும் விமானக் கட்டணத்தை அது தருவதில்லை. துணைக்குப் போகிறவரின் வாடகை, சாப்பாட்டுச் செலவும் அதில் அடங்காது. மாதாமாதம் வாங்கும் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளும் அப்படியே.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தீவில் மிகப் பெரிய மொழிப் பிரிவினர் வங்காளிகள். அவர்களுக்கு இயல்பான வைத்திய ஊர் கொல்கத்தா. இப்போது வய வந்தனாவும் அடங்கும் ஆயுஷ்மான் திட்டத்திலிருந்து மேற்கு வங்க அரசு 2019 தொடக்கத்தில் விலகியதும், தீவுக்காரர் கையிலிருந்த ஆயுஷ்மான் அட்டை அந்த நகரத்தில் செல்லாக்காசானது. டெல்லிக்கும் ஒரு மாநிலத் தலைநகருக்கும் இடையிலான அரசியல் தகராறில், இரண்டிலும் சேராத தீவுக்காரருக்குத் தண்டனை!

மத்திய அரசுத் துறைகளில் இருந்து ஓய்வுபெற்றவர்களுக்குச் சி.ஜி.எச்.எஸ். எனும் சுகாதாரத் திட்டம் உண்டு. பத்து ஆண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டினால் ஆயுளுக்கும் அட்டை. 2017-ல் வகுத்த விகிதப்படி ஊதிய அட்டவணையில் ஐந்தாம் நிலை வரை இருந்தவர்களுக்கு 30,000 ரூபாய், ஆறாம் நிலைக்கு 54,000. இதில் ஆண்டுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு கிடையாது. திட்டத்தின் நிலையம் இல்லாத இடத்தில் வசிப்பவர், வெளிநோயாளிச் செலவுக்கு மாதம் 1,000 ரூபாய் படி வாங்கிக்கொண்டு, உள்நோயாளி சிகிச்சைக்கு மட்டும் அட்டையை வைத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் எச்சரிக்கை தேவைப்படுகிறது. எழுபது வயதானவர் சி.ஜி.எச்.எஸ்., வய வந்தனா இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். முகாம் போட்டு, ஆதாரைக் காட்டினால் அட்டை என்று அழைக்கும்போது, உச்சவரம்பில்லாத ஒன்றை விட்டு ஐந்து லட்சத்துக்குள் வருகிறோம் என்பதை யாராவது அந்த முதியவருக்குச் சொல்ல வேண்டாமா? தனியார் காப்பீடு வைத்திருப்போருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர்கள் இரண்டையும் வைத்திருக்கலாம்.

அந்தத் தனியார் காப்பீட்டிலும் சில கதவுகள் திறந்திருக்கின்றன. எல்லா வயதினருக்கும் ஏற்ற பாலிசிகளை நிறுவனங்கள் வழங்க வேண்டும் என்று 2024 ஏப்ரலில் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் விதித்தது. மூத்தோரின் பிரீமியத்தை ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் தன்னிச்சையாக ஏற்றக் கூடாது என்று 2025 ஜனவரியில் சொன்னது. தனிநபர் பாலிசிகள் மீதான 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கியது. ஆனால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க வைக்கலாம் என்ற விதி இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு பாலிசி தேடுகிறவர், மழை வந்த பிறகு குடை தைக்கிறவர்தான்.

தமிழ்நாட்டு அரசு ஓய்வூதியரோடு ஒப்பிட்டால் விஷயம் துலங்கும். 2022 ஜூலையில் தொடங்கிய திட்டத்தில் அவருக்கு மாதம் 497 ரூபாய் பிடித்தம் என்று வகுத்தார்கள்; நான்கு ஆண்டுக்கு 5 லட்சம், குறிப்பிட்ட பெரிய சிகிச்சைகளுக்கு 10 லட்சம் காப்பு. குறைகள் அதிலும் உண்டு. ஆனாலும் தஞ்சாவூர்க்காரர் காலையில் பஸ் ஏறித் திருச்சியில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுகிறார். அந்த ஐந்து லட்சமும் தீவுக்காரரின் ஐந்து லட்சமும் ஒன்றல்ல.

ஓய்வூதியம் என்ற சொல்லே எட்டாதவர்களும் இருக்கிறார்கள். 1964-ன் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் உழைத்த தமிழ்க் குடும்பங்கள் அத்தகையவை. சுனாமியில் கச்சால் சிதைந்தது. தோட்டத்தை நடத்திய வன வளர்ச்சிக் கழகத்தை மூட 2017-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இத்தகையோருக்கு ஆயுஷ்மானை விட்டால், ரெஃபர் ஆன நோயாளிக்கு மெயின்லேண்டில் 5 லட்சம் வரை உதவும் 'அனிஷி' என்ற தீவுத் திட்டம்தான் துணை.

ஆகவே தீவு நிர்வாகம் காப்புத் தொகையை உயர்த்துவதைவிட, ரெஃபர் சீட்டோடு நோயாளிக்கும் துணைக்கு ஒருவருக்கும் போக வர பயணச் சீட்டைத் தரட்டும். எந்தத் திட்டத்தின் அட்டை என்று பார்க்காமல், அறுபதைத் தாண்டிய எல்லாத் தீவுவாசிகளுக்கும் தரட்டும். சென்னையிலும் கொல்கத்தாவிலும் அவர்கள் தங்க ஏற்பாடு வேண்டும். மறுபரிசோதனைக்கான பயணமும் இதில் சேர வேண்டும். அறுவை முடிந்ததும் கடல் வற்றிவிடுவதில்லை.

அடுத்தது, செலவே இல்லாத ஒரு காரியம். எந்த அட்டை எந்த ஊரில் செல்லும், எதை எடுத்தால் எது போகும், எந்தச் செலவு கைக்காசு என்பதை ஒரே தாளில், தமிழ், வங்காளம், இந்தி, நிக்கோபாரி மொழிகளில் அச்சிட வேண்டும். நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க வங்கிக்கு வரும் ஒவ்வொரு ஓய்வூதியர் கையிலும் அந்தத் தாள் இருக்க வேண்டும். அது வரும்வரை, பழைய அட்டையை ஒப்படைத்துவிட்டுப் புதியது வாங்கச் சொல்லும் எந்தப் படிவத்திலும் பெரியவர்கள் அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம்.