குளோனிங் கன்று: பிரச்சினை பாலில் இல்லை, பிரசவத்தில்தான்!

தை பிறந்தால் காரைக்குடி பக்கம் சிராவயல் மஞ்சுவிரட்டு பேச்சுதான். அங்கே யாருக்கும் பிடிபடாத காளையை அச்சு அசலாக இன்னொன்று உருவாக்க முடியுமா? குளோனிங்கில் முடியும். ஹரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசிய பால்வள ஆராய்ச்சி நிறுவனம் 2009-ல் எருமைக் கன்றையும், 2023-ல் 'கங்கா' என்ற கிர் பசுங்கன்றையும் இப்படி உருவாக்கியது. சரி, அந்த மாட்டின் உடம்பு சாதாரண மாடு மாதிரியே வேலை செய்யுமா?

பிறந்த புதிதில் என்ன நடக்கிறது?

வளர்ந்த மாட்டின் செல்லில் எந்த மரபணு இயங்க வேண்டும், எது தூங்க வேண்டும் என்ற குறிப்பு பதிந்திருக்கும். குளோனிங்கில் அது முழுசாக அழிவதில்லை. அதனால் நஞ்சுக்கொடி சரியாக வளராமல் போகலாம். கன்று அளவுக்கு மீறிப் பெருக்கலாம். பிறந்ததும் ரத்தச் சர்க்கரை குறையும், உடல் வெப்பம் நிலைகொள்ளாது, மூச்சுத் திணறும். கர்னாலின் முதல் எருமைக் கன்று சில நாள்களிலேயே இறந்துபோனது.

பிழைத்துவிட்டால்?

பெரும்பாலும் சாதாரண மாடுதான். 'டாலி'யின் அதே செல்களிலிருந்து வந்த 4 ஆடுகள் உட்பட 13 குளோனிங் ஆடுகளை 7 முதல் 9 வயதில் பரிசோதித்த ஆய்வு 2016-ல் வெளியானது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டுமே இயல்பாக இருந்தன. குளோனிங் மாடுகளின் பால், இறைச்சி பாதுகாப்பானவை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008-லேயே சொல்லிவிட்டது. கர்னாலில் 'கரிமா-2' என்ற குளோனிங் எருமை 2013-ல் ஆரோக்கியமான கன்றை ஈன்றது.

நமக்கு இது தேவையா?

ஆக, பாலைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. யோசிக்க வேண்டியது அந்தக் கருவைச் சுமக்கும் தாய் மாட்டைப் பற்றி. டாலி ஒன்றுக்காக 277 முயற்சிகள் நடந்தன. ஒரு நகலுக்காக எத்தனை மாடுகள் கரு கலைந்தும் கஷ்டப் பிரசவத்திலும் அவதிப்படுவது?

சிவகங்கைச் சீமையின் புலிக்குளம் மாடு, கிடை போட்டு ஊர் ஊராக மேய்ந்து, வறட்சியில் கிடைத்ததைத் தின்று தேறிய இனம். அந்தத் தாக்குப்பிடிக்கும் திறன் ஒரே காளையிடம் இல்லை. மந்தை முழுக்கப் பரவியிருக்கிறது. எல்லாம் ஒரே நகலாக இருந்தால், ஒரு நோய் வந்தாலே மொத்தமும் ஆட்டம் கண்டுவிடும். நல்ல மாடுகளின் செல்லை உறையவைத்துப் பாதுகாப்பது நல்லதுதான். ஆனால் அரசின் காசு முதலில் போகவேண்டியது மேய்ச்சல் நிலத்துக்கும், பல வம்சத்துப் பொலிகாளைகளுக்கும், கிடைக்காரர்களுக்கும்தான்.