அவள் பெயரில் கடன், நம் பெயரில் விழா!



பொங்கல் விழாவுக்கு எத்தனை குழல்விளக்கு, எந்தப் பேச்சாளருக்கு எந்த இரயிலில் பயணச்சீட்டு என்று இரண்டு மாதமாகச் சங்கத்தில் பேச்சு நடக்கிறது. நடக்கட்டும். அதற்கு நடுவே ஒரு கேள்வியை வைக்கிறேன். ஊரில் விட்டுவிட்டு வந்த நம் வீட்டுப் பெண்கள் இராத்திரி தூங்குகிறார்களா என்று இந்தச் சங்கம் ஒரு நாளாவது கேட்டதுண்டா?

"இது அரசியல் சங்கம். பெண்களின் மனக்கவலைக்கு மருந்து கொடுக்க நாங்கள் என்ன வைத்தியர்களா?" என்று பின்வரிசையில் யாரோ சிரிப்பது காதில் விழுகிறது. சிரிக்கிறவர்கள் கடைசி வரி வரை படித்துவிட்டுச் சிரிக்கட்டும்.

நான் தாராவியில் விடிகாலை மூன்று மணிக்கு இட்லி அவிக்கிறவள். பிறந்த ஊர் நெல்லைச் சீமையில், பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு சிற்றூர். சென்ற ஆண்டு கோயில் கொடைக்குப் போயிருந்தேன். கொடை முடிந்த மறுவாரம், செவ்வாய்க்கிழமை, பகல் பத்து மணி. என் மதினி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். வெளியே திண்ணையில் ஒன்பது பெண்கள். தெருவில் மோட்டார் சைக்கிளைச் சாய்த்து நிறுத்திவிட்டு, குழுக்கடன் வசூலுக்கு வந்த பையன் நிற்கிறான். அவன் சத்தம் போடவில்லை. "பத்துப் பேர் டியூவும் சேர்ந்தாத்தான் வாங்குவேன். அதுவரைக்கும் யாரும் போகக் கூடாது" என்று ஒரே ஒரு முறை சொன்னான். மீதியை அந்த ஒன்பது பேரும் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏட்டி, கதவைத் தொற! ஒன் ஒருத்தியால நாங்க அம்புட்டுப் பேரும் இங்கனயே கெடக்கணுமா?" என்று கத்தியவள் யார் தெரியுமா? மதினிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரியில் மூன்று இரவு கண்விழித்தவள். பதினைந்து வருடம் அதே திண்ணையில், சுளகை மடியில் வைத்து, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பீடி சுற்றியவர்கள் இருவரும்.

என் வழிச்செலவுப் பணத்திலிருந்து எடுத்துக் கட்டினேன். மோட்டார் சைக்கிள் போயிற்று. அன்று இராத்திரி அதே பெண் ஒரு கிண்ணத்தில் குழம்போடு பின்வாசல் வழியாக வந்தாள். "எனக்கு மட்டும் மனசாட்சி இல்லையாட்டி? ஒன் பங்கையும் நானே கட்டணும்னா நான் எங்க போவேன்?" என்றாள். இரண்டு பேரும் அழுதார்கள். நானும் அழுதேன்.

அந்தக் கடன் நகை வாங்கவா? இல்லை. இங்கே மும்பையில் என் அண்ணனின் அறைக்கு டெபாசிட் கட்ட! "அண்ணன்கிட்டச் சொல்லலியா மதினி?" என்று கேட்டேன். "சொன்னா அவுக அங்கன சாப்பிடாமக் கெடப்பாக, தாயி" என்றாள். அண்ணனோ கொடை வரியைத் தவறாமல் அனுப்பியிருந்தான். குழுக்கடன் எவ்வளவு பாக்கி என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

என் அண்ணன் கெட்டவன் அல்லன். இதைப் படிக்கும் உங்களில் பலர் அவனைப் போன்றவர்களே. அதனால்தான் எழுதுகிறேன்.

மூச்சை இழுத்து விட்டால் போதுமா?

இப்போது எங்கே பார்த்தாலும் மன அழுத்தம் என்ற பேச்சு. மூச்சை மெல்ல இழுத்து விடு, யோகா செய், பாட்டுக் கேள், மனதை இலேசாக வைத்துக்கொள் என்கிறார்கள். மூச்சுப் பயிற்சியை நான் குறை சொல்லவில்லை, ஆகிறவர்களுக்கு ஆகட்டும். ஆனால் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டவுடன் அடைக்கிற மூச்சு, வாசலில் அது நிற்காமல் இருந்தால்தானே சீராகும்? வாரம் தவறாமல் வருகிற பயத்துக்குக் காரணத்தை விட்டுவிட்டு, பயப்படுகிறவளுக்கு மட்டும் புத்தி சொல்வது எந்த ஊர் நியாயம்?

நம் கிராமத்துப் பெண்கள் துக்கத்தை ஆற்றிக்கொள்ளத் தெரியாதவர்களா? நடவு வயலில் குனிந்த முதுகோடு பாடிக்கொண்டே நட்டவர்கள். சாவு வீட்டில் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்து நெஞ்சுப் பாரத்தை இறக்கியவர்கள். அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. வயல் பண்ணையாருடையது. கிணற்றடியில் எல்லாச் சாதிக்கும் இடமில்லை. இருந்தாலும் பாடுபடும் பெண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு பெண் இருந்தாள். நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்ததும் அந்தப் பக்கத்துத் துணை கலைந்தது. 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த நூறு நாள் வேலை அதைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தது. தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வந்தவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பெண்கள். கண்மாய்க் கரை மரத்தடியில் கூடிச் சோற்றைப் பங்கிட்டு, குறைகளைப் பேசினார்கள். 2024 கடைசியிலும் 2025 தொடக்கத்திலும் அந்தக் கூலி மாதக்கணக்கில் வராமல் நின்றபோது, அடுப்பெரிக்க அவர்களுக்குக் கைக்கெட்டியது எது? வாரக்கடன்!

கூடினால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. 1989-இல் தர்மபுரி மாவட்டத்தில் பெண்களின் சேமிப்புக் குழுக்கள் தொடங்கின. அவர்கள் சேர்த்த காசு. அவர்களே வைத்த கணக்கு. அவசரத்துக்கு அவர்களே கொடுத்த கடன். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்தோடு சைக்கிளையும் பெண்கள் கற்றார்கள். கல்லுடைத்த கூலிப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்தார்கள். ஆயிரக்கணக்கில் சைக்கிளேறிப் போன அந்தப் பெண்களுக்கு எந்த மருத்துவரும் சீட்டெழுதித் தரவில்லை. தனியாக இல்லை என்ற தைரியமே அவர்களுக்கு மருந்தாக இருந்தது.

திருடப்பட்ட குழு

அந்தக் குழுவின் தோற்றத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, உள்ளிருந்த உயிரை உருவிப் போட்டவர்கள்தாம் இன்றைய குழுக்கடன் கம்பெனிகள். அங்கும் பத்துப் பெண்கள். அங்கும் வாரக் கூட்டம். ஆனால் அங்கே சேமிப்பு இல்லை, பேச்சு இல்லை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு என்ற ஒரே கயிறு. அடமானம் இல்லாத கடன் என்று விளம்பரம் செய்கிறார்கள். இல்லையா அடமானம்? அக்கம்பக்கத்து உறவுதான் அடமானம்! அந்தக் கம்பெனிக்குக் காவலாளும் வேண்டாம், அடியாளும் வேண்டாம். ஆறுதல் சொல்ல வேண்டியவளையே காவலுக்கு வைத்துவிட்டார்கள்.

இதன் முடிவு என்ன என்பதை அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரம் 2010-இல் பார்த்தது. வசூல் நெருக்கடியில் உயிரை மாய்த்துக்கொண்ட பெண்களின் செய்தி அடுத்தடுத்து வர, அவ்வாண்டு அக்டோபரில் அந்த அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாடும் வற்புறுத்தி வசூலிப்பதைத் தடுக்க 2025-இல் ஒரு சட்டம் இயற்றியது.

ரிசர்வ் வங்கி 2022-இல் விதித்த விதிகளையும் கேளுங்கள். மாதத் தவணை எல்லாம் சேர்ந்து குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூப்பிட்டுத் தொல்லை செய்யக் கூடாது. மிரட்டக் கூடாது, ஏசக் கூடாது. கடன்காரியின் உறவினரையும் தோழிகளையும் கூட வேலை செய்பவர்களையும் துன்புறுத்தக் கூடாது. வசூல் நடக்க வேண்டியது இரு தரப்பும் ஒத்துக்கொண்ட பொது இடத்தில். தொடர்ந்து இரண்டு முறையாவது அங்கே வராதவள் வீட்டுக்குத்தான் போகலாம். இத்தனையும் அச்சில் இருக்கிறது. அந்தத் திண்ணையில் இருந்த பத்துப் பேரில் ஒருத்திக்காவது தெரியுமா? தெரியாது. இங்கே நாளிதழும் கைப்பேசியுமாக இருக்கும் நமக்குத் தெரியுமா? தெரியாமல் போனது யார் குற்றம்?

நான்கு சமாதானங்கள்

"அது குடும்ப விசயம்" என்பீர்கள். ஒரே தெருவில் பத்துக் கதவு சாத்தியிருந்தால் அது குடும்ப விசயமா, ஊர் விசயமா?

"அவள் ஏன் வாங்கினாள்?" என்பீர்கள். உங்களைப் போன்றோருக்கு அறை டெபாசிட் கட்ட, பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட, மாமியாருக்குக் கண் அறுவை செய்ய, பழைய கடனை அடைக்க. கணக்குப் பார்த்தால் அவள் சேலைக்கு வாங்கியது எத்தனை ரூபாய்?

"நாங்கள் மட்டும் இங்கே சொகுசாகவா இருக்கிறோம்?" என்பீர்கள். இல்லை. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேராகப் படுத்துக் கிடப்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த ஆறு பேர் நடுவில் உங்கள் கஷ்டத்தைப் பேச நாதி இருக்கிறது. அவளுக்கு இருந்த நாதியை வாரக்கடன் பிரித்துவிட்டது.

"பணம் அனுப்புகிறோமே!" என்பீர்கள். அனுப்புகிறீர்கள். வாரம் ஒருமுறை பேசவும் செய்கிறீர்கள். "பணம் வந்துச்சா? பிள்ளை படிக்கிறானா?" என்று கேட்டு வைத்துவிடுகிறீர்கள். "நீ எப்படி இருக்க?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருந்தது எப்போது?

என்ன செய்ய வேண்டும்?

வருகிற பொதுக்குழுவில் ஐந்து கோரிக்கைகளை வைக்கப் போகிறேன். ஆதரிக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள்.

ஒன்று: ஒவ்வொரு உறுப்பினரும் இந்த மாதமே வீட்டில் கேட்டு, எத்தனை கடன், எவ்வளவு தவணை, எந்தக் கிழமை என்று எழுதி வைக்க வேண்டும். கோபப்படாமல் கேட்க வேண்டும். ஏசினால் அடுத்த முறை மறைப்பார்கள்.

இரண்டு: ரிசர்வ் வங்கி விதிகளைப் படிப்பு குறைந்தவர்களுக்கும் விளங்கும் தமிழில் ஒரே தாளில் அச்சடித்து, ஊருக்குப் போகிற ஒவ்வொருவர் கையிலும் பத்துத் தாள் கொடுத்தனுப்ப வேண்டும். திண்ணையில் ஒருத்தி அதைச் சத்தமாகப் படித்தால் போதும், பத்துப் பேரும் மறுபடி ஒரு பக்கமாக உட்காருவார்கள்.

மூன்று: விழா வசூலில் நான்கில் ஒரு பங்கை அவசர நிதியாக ஒதுக்க வேண்டும். தவணை நின்ற வீட்டுக்கு வட்டியில்லாமல் கைமாற்று. ஒரு பேச்சாளரைக் குறைத்தால் தமிழ் அழிந்துவிடாது.

நான்கு: செயற்குழுவில் இரண்டு பெண்கள். கோலம் போடவும் சர்க்கரைப் பொங்கல் கிண்டவும் கூப்பிடுகிற எங்களைக் கணக்குப் பார்க்கவும் கூப்பிடுங்கள். ஊர்ப்பெண்கள் தங்கள் பாரத்தை ஆண் செயலாளரிடம் சொல்ல மாட்டார்கள்.

ஐந்து: கடனும் பணமும் தீர்க்காத துக்கமும் உண்டு. நாள்கணக்கில் தூக்கமில்லாதவர்கள், செத்துப் போகலாம் என்று வாயில் வருகிறவர்கள், அவர்களுக்கு நம் ஆறுதல் மட்டும் போதாது. 2022 அக்டோபர் முதல் மத்திய அரசு நடத்தும் 14416 என்ற தொலைபேசி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணை நம் இதழின் பின்னட்டையில் மாதந்தோறும் அச்சிட வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கிறார். அங்கே போவது பைத்தியப் பட்டம் அல்ல என்று நம் மேடையில் ஆண்கள் வாயாலேயே சொல்ல வேண்டும்.

இது தர்மமும் அல்ல, கருணையும் அல்ல. நாம் இங்கே தலைநிமிர்ந்து "தமிழ்ச் சங்கம்" என்று பதாகை கட்டுவதற்கு அங்கே நிலத்தையும் கிழவிகளையும் பிள்ளைகளையும் கடனையும் தாங்கிக்கொண்டிருக்கிறவர்களுக்குப் பட்ட கடன். அந்தக் கடனுக்கு யாரும் மோட்டார் சைக்கிளில் வந்து வசூலிக்கவில்லை என்பதால்தான் இத்தனை வருடமாக நாம் கட்டவில்லை.

ஊரை விட்டுக் கிளம்பும்போது மதினி பேருந்து நிறுத்தம் வரை வந்தாள். கூடவே அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணும் வந்தாள். இருவரும் ஒரே குடையில் நின்றார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை அவர்கள் ஒரே பக்கம் நிற்பார்களா, எதிரெதிராய் நிற்பார்களா? அதில் பாதி இந்தச் சங்கத்தின் கையில் இருக்கிறது.

பொதுக்குழுவுக்கு வாருங்கள். வரும்முன் வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு வாருங்கள்.