சும்மா இருக்க ஒரு தீவு (அல்லது எக்செல் ஷீட்டைக் கடலில் போடுவது எப்படி?)

பொட்டி தட்டுறவன் ஊர் சுத்தக் கிளம்பினா என்ன ஆகும்? அதையும் ஒரு புராஜெக்ட் ஆக்கிடுவான். வாழும் உதாரணம் அடியேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். போன வருஷம் நானும் தங்கமணியும் ஐரோப்பா போனோம். 9 நாள், 6 ஊர். நான் போட்ட எக்செல் ஷீட்ல காலை ஆறரை மணியிலிருந்து ராத்திரி பத்து வரைக்கும் அரை மணிக்கு ஒரு வரி. முடிஞ்சா பச்சை, தாமதமானா சிவப்பு. நாலாவது நாள் தங்கமணிக்கு ஜுரம். "இன்னிக்கு ரூம்லயே இருந்துடலாமா?"ன்னு கேட்டா. மனுஷனா இருந்தா "சரிம்மா, படுத்துக்கோ"ன்னு சொல்லியிருக்கணும். நான் சொன்னது, "மியூசியம் டிக்கெட் எடுத்தாச்சே, பணம் திரும்பக் கிடைக்காதாம்."

பாராசிட்டமால் போட்டுக்கிட்டு வந்தா. அன்னிக்கு என்னென்ன ஓவியம் பார்த்தேன்னு இப்போ கேட்டா எனக்குத் தெரியாது. அவ கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்த அந்த பெஞ்சு மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு.

இந்த வருஷம் ரெண்டு பேரோட டேமேஜர்களும் ஒரே சமயத்துல பத்து நாள் லீவு கொடுத்துட்டாங்க. செப்டம்பர் கடைசி. மத்தியதரைக் கடல்ல ஏதாவது ஒரு தீவுக்குப் போய் நிம்மதியா இருந்துட்டு வரணும்னு முடிவு பண்ணி, மால்டாவைத் தேர்ந்தெடுத்தோம். ஆங்கிலம் அங்கே ஆட்சி மொழிகள்ல ஒண்ணு, வண்டி நம்ம மாதிரியே இடது பக்கம் ஓடுது. 1964 வரைக்கும் வெள்ளைக்காரன்கிட்ட இருந்த ஊராச்சே.

அப்புறம் பழைய புத்தி. ஒரு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து ஷீட் போட்டேன். மால்டா 3 நாள், பக்கத்துத் தீவு கோஸோ 1 நாள், குட்டித் தீவு கோமினோ அரை நாள், அங்கேர்ந்து வேகப் படகுல சிசிலி, எட்னா எரிமலை... மொத்தம் 31 வரி. பெருமையா தங்கமணிகிட்ட காட்டினேன். மேலேர்ந்து கீழ வரைக்கும் பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டா: "இதுல உட்கார எங்க நேரம் இருக்கு?"

தேடிப் பார்த்தேன். ஒரு வரியும் இல்லை. அவ்வ்வ்வ்...

அன்னிக்கு ராத்திரியே அந்த ஷீட்டை அழிச்சுட்டேன். அழிச்சப்புறம் யோசிச்சதுதான் இந்தப் பதிவு. நம்ம ஆளுங்க லீவுக்குத் திட்டம் போடற முறையே தப்புன்னு எனக்கு இப்போ தோணுது. அதுவும் தீவுக்குப் போறப்போ ரொம்பவே தப்பு.

நமக்கு எல்லாத்துலயும் 'வசூல்' ஆகணும். பஃபே சாப்பாடுன்னா கொடுத்த காசுக்கு வசூல், பயணம்னா டிக்கெட் காசுக்கு வசூல். "அவ்ளோ தூரம் போயிட்டு அதைப் பார்க்கலையா?"ன்னு ஊர்ல யாராவது கேட்டுடுவாங்களோங்கற பயம் வேற. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்றதுக்காகவே நாம பாதி ஊரைப் பார்க்கிறோம்.

சரி, அப்படிப் பட்டியல் போட்டுப் பார்க்கிறதுல என்ன தப்புன்னு கேட்டா, தீவு நம்ம பட்டியலை மதிக்காதுங்கறதுதான் முதல் பிரச்சினை.

கோஸோவையே எடுத்துக்குங்க. 67 சதுர கிலோமீட்டர்தான், நீளம் 14 கிலோமீட்டர். "அரை நாள்ல முடிச்சிடலாமே"ன்னு தோணும். ஆனா அங்கே ஓடற பஸ்ஸெல்லாம் பெரும்பாலும் நடுவுல இருக்கிற விக்டோரியாவைச் சுத்தித்தான். ஒரு கிராமத்திலிருந்து இன்னொரு கிராமத்துக்குப் போகணும்னா விக்டோரியா வந்து மாறணும். ஒரே நாள்ல நாலு இடம்னு எழுதினா, அந்த நாள்ல பெரும்பகுதியை பஸ் நிலையத்துலதான் கழிக்கணும். மதியம் நிறைய கடைகளை அடைச்சுட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க, சாயந்திரம் நாலு மணி வாக்கில்தான் மறுபடி திறப்பாங்க. நம்ம அவசரம் அவங்களுக்கு இல்லை.

அடுத்தது காத்து. வடமேற்குலேர்ந்து காத்து அடிச்சா தீவோட வடக்குப் பக்கம் இருக்கிற கடற்கரையில எல்லாம் அலை தூக்கும். செம்மண் நிறத்துல மணல் இருக்கே, அந்த ரம்லா கடற்கரை வடக்கே பார்த்தது. அன்னிக்கு அங்கே குளிக்கப் போனா ஆபத்து. அதே நேரத்துல தென்கிழக்குல இருக்கிற ஹொன்டோக் குளம் மாதிரி கிடக்கும். உள்ளூர்க்காரங்க காலையில எழுந்து காத்தைப் பார்த்துட்டுத்தான் எந்தப் பக்கம் போறதுன்னு முடிவு பண்றாங்க. நான் மூணு மாசம் முன்னாடி சென்னையில உட்கார்ந்துக்கிட்டு "செவ்வாய்க்கிழமை, 10:30, ரம்லா"ன்னு எழுதறேன். இதுல யாரு புத்திசாலி?

சில சமயம் பட்டியல்ல இருக்கிற இடமே காணாமப் போயிடும். கோஸோன்னாலே எல்லாரும் படம் போடறது 'அஷுர் விண்டோ'ங்கற கல் வளைவு. கேம் ஆஃப் த்ரோன்ஸ் முதல் சீசன் கல்யாணக் காட்சி அதுக்கு முன்னாடி எடுத்ததுதான். 2017 மார்ச் 8ஆம் தேதி புயல்ல அது மொத்தமா இடிஞ்சு கடல்ல விழுந்துடுச்சு. அதுக்காக ட்வேய்ரா வேஸ்ட்டுன்னு அர்த்தமில்லை. அந்தக் குன்று, பாறைக் குகை வழியா கடலோட சேர்ற அந்தச் சின்ன உள்கடல் எல்லாம் அங்கேயேதான் இருக்கு. ஆனா 'அதைப் பார்த்தாச்சு'ன்னு டிக் போட மட்டும் வர்றவனுக்கு அங்கே ஒண்ணுமே இல்லை.

ரெண்டாவது பிரச்சினை, நாம எல்லாரும் ஒரே பட்டியலைத் தூக்கிக்கிட்டுப் போறது. 2021 கணக்கெடுப்புப்படி மால்டா மக்கள்தொகை சுமார் 5.2 லட்சம். 2024ல வந்த சுற்றுலாப் பயணிகள் 35 லட்சத்துக்கும் மேல. அதுல நிறைய பேர் ஒரே போட்டோவுக்காக கோமினோவோட நீலக் காயலுக்குப் போறாங்க. அந்தத் தீவே சுமார் மூணரை சதுர கிலோமீட்டர்தான்! கூட்டம் தாங்காம 2025லேர்ந்து முன்பதிவு பண்ணிட்டுத்தான் வரணும்னு விதி கொண்டு வந்தாங்க. என் 31 வரி ஷீட்ல கோமினோவுக்கு அரை நாள் இருந்துச்சு. அந்தக் கூட்டத்துல நானும் ரெண்டு டிக்கெட்.

இங்கே ஒரு கேள்வி வரும். ஆபீஸ்ல கேட்டே விட்டாங்க. "சும்மா இருக்கணும்னா வீட்டுலயே இருக்கலாமே? அதுக்கு எதுக்கு லட்சக்கணக்குல செலவு?"

நியாயமான கேள்விதான். ஆனா வீட்டுல சும்மா இருந்து பாருங்க. கேஸ் சிலிண்டர் வரும், பெரியப்பா பையன் கல்யாணப் பத்திரிகை வரும், "ஒரு அஞ்சு நிமிஷ கால்"னு ஆபீஸ்லேர்ந்து ஆணி புடுங்கக் கூப்பிடுவாங்க. நானும் தங்கமணியும் ஒரே வீட்டுல இருந்தும் ஒரு வாரத்துல முழுசா ஒரு மணி நேரம் பேசினோமான்னா சந்தேகம்தான். தீவுல மூணு பக்கமில்லை, நாலு பக்கமும் கடல். வேற எங்கேயும் ஓட முடியாது. பேசித்தான் ஆகணும் :-)

இன்னொரு கேள்வியும் வந்தது. "இன்னொரு தடவை போவியான்னு நிச்சயமில்லை, இப்பவே எல்லாத்தையும் பார்த்துடேன்." இதுக்கு என்கிட்ட முழுசா பதில் இல்லைன்னு ஒத்துக்கறேன். எட்னாவை நான் பார்க்காமலே போகலாம். ஆனா போன வருஷம் 6 ஊர் 'பார்த்தேனே', அதுல எத்தனை ஊர் என்கிட்ட மிச்சம் இருக்கு? ஒரு பெஞ்சு. அவ்வளவுதான்.

சரி, அதுக்காகத் திட்டமே வேண்டாமா? அப்படிச் சொல்ல வரலை. திட்டமே இல்லாமப் போனா நம்ம ஊர்க்காரனுக்கு விசாவே கிடைக்காது! ஷெங்கன் விசாவுக்குப் பயணத் திட்டம், தங்கும் இடம், குறைஞ்சது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எல்லாம் கேட்பாங்க. 2024 ஜூன்லேர்ந்து கட்டணமும் 90 யூரோ ஆயிடுச்சு. பயணத் திட்டத்துல நான் எழுதியிருக்கிறது: நாள் 2, கோஸோ. நாள் 3, கோஸோ. நாள் 4, கோஸோ... விசா அதிகாரி இதைப் படிச்சுட்டு என்ன நினைப்பாரோ!

நான் கண்டுபிடிச்ச விதி ரொம்ப சிம்பிள். முன்னாடியே செய்யலைன்னா கிடைக்காமப் போறதை மட்டும் இப்பவே செய். மத்ததையெல்லாம் அன்னிக்குக் காலையில பார்த்துக்கோ.

முன்னாடியே செய்ய வேண்டியவை: விசா, விமான டிக்கெட், அறை. இதோட இன்னும் ஒண்ணே ஒண்ணு, ஹைப்போஜியம். பாவ்லாங்கற ஊர்ல, பாறையைக் குடைஞ்சு ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே கட்டின நிலத்தடிக் கல்லறை, 1902ல கண்டுபிடிச்சது. ஆளுங்க விடற மூச்சே உள்ள இருக்கிற ஓவியத்தைக் கெடுக்குதுன்னு தொண்ணூறுகள்ல பல வருஷம் மூடி வச்சு, 2000ல மறுபடி திறந்தாங்க. இப்போ ஒரு தடவைக்கு 10 பேர், ஒரு நாளைக்கு 80 பேர்தான். பல வாரம் முன்னாடியே தீர்ந்துடும். அதனால அதுக்கு டிக்கெட் எடுத்தாச்சு.

தங்கறது ரெண்டே இடம். முதல் ஏழு ராத்திரி கோஸோவுல ஷாராங்கற கிராமத்துல ஒரே அறை. கடைசி ரெண்டு ராத்திரி தலைநகர் வலெட்டா. மால்டாவோட வடகோடி சிர்கெவ்வாவிலிருந்து கோஸோவுக்குக் கப்பல்ல 25 நிமிஷம். இதுல ஒரு வேடிக்கை, போறப்போ டிக்கெட் கேட்க மாட்டாங்க, திரும்பி வர்றப்போதான் காசு. தீவுக்குள்ள போறது இலவசம், வெளிய வரத்தான் செலவு!

ஷாராவுலயே ஜிகன்தீயா கோயில்கள் இருக்கு. கி.மு. 3600 வாக்குல கட்டினது, எகிப்து பிரமிடுகளைவிடப் பழசு. அறையிலிருந்து நடந்தே போயிடலாம். ஒரு நாள் போவோம். எந்த நாள்னு எழுதலை. ஷ்வேனி உப்பளம் பக்கம் ஒரு நாள் நடப்போம், ஆட்டுப்பால் சீஸும் ரொட்டியும் வாங்கிக்கிட்டு. காத்து எந்தப் பக்கம்னு பார்த்துட்டு அதுக்கு எதிர்ப் பக்கம் குளிக்கப் போவோம். ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒரு விஷயம். தங்கமணிக்குத் தலைவலின்னா அந்த ஒண்ணும் கிடையாது.

வலெட்டாவுல புனித ஜான் பேராலயத்துல கரவாஜியோ 1608ல வரைஞ்ச ஒரு பெரிய ஓவியம் இருக்கு. அவர் கையெழுத்துப் போட்ட ஒரே ஓவியம் அதுதான். அதுக்கு முன்னாடி அரை மணி நேரம் உட்காரப் போறேன். ஓவியம் புரியுமான்னு கேட்காதீங்க. போன வருஷக் கடனை அடைக்கணும், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். ஹோமரோட காவியத்துல ஓடிசியஸ் கலிப்ஸோகிட்ட மாட்டிக்கிட்டு ஏழு வருஷம் இருந்தாரே, அந்தத் தீவு கோஸோதான்னு அங்கே சொல்லிக்கிறாங்க. அழகான தீவு, சாப்பாடு, தேவதை எல்லாம் இருந்தும் மனுஷன் கரையில உட்கார்ந்து வீட்டை நினைச்சு அழுதுக்கிட்டிருந்தாராம். அதனால சும்மா இருக்கிறதுக்கும் ஒரு அளவு உண்டு. எங்களுக்கு ஏழு ராத்திரி போதும்.

பழைய ஷீட்டை அழிச்சேன்னு சொன்னேன் இல்லையா? நேத்து தங்கமணியே ஒரு புது ஷீட் திறந்து வச்சிருந்தா. பயந்துபோய் எட்டிப் பார்த்தேன். மூணே வரி. விமானம், ஹைப்போஜியம், 'பாராசிட்டமால் - அவன் எடுத்துக்கிட்டு வரணும்'.

மூணாவது வரிக்கு நானே பச்சை அடிச்சுட்டேன்.

டிஸ்கி: பத்து நாள்ல அஞ்சு தீவு பார்த்து நிஜமாவே சந்தோஷமா திரும்பி வந்தவங்க யாராவது இருந்தா, தாராளமா வந்து திட்டலாம். ஆனா கூட வந்தவங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க.