'நீங்க சும்மா உட்காருங்கம்மா': இந்த அக்கறை முதியோரின் கால் பலத்தைக் குறைக்கிறதா?

"இந்த வயசுல எதுக்கும்மா இதெல்லாம்? நீங்க சும்மா உட்காருங்க."

அறுபது வயதைத் தாண்டிய அம்மா தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாலோ, அப்பா மாடிப்படி ஏறினாலோ நம் வீடுகளில் உடனே கேட்கும் வசனம் இது. பாசத்தில் சொல்வதுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பாசமே கொஞ்சம் கொஞ்சமாகப் பெரியவர்களை நாற்காலியோடு கட்டிப்போட்டுவிடுகிறது. இன்று 'உட்காருங்க' என்று சொல்கிற வீட்டில்தான், சில வருடங்கள் கழித்து 'அப்பாவால தனியா எழுந்துக்க முடியல' என்ற கவலையும் வருகிறது.

இது ஒரு சில வீடுகளின் பிரச்சினை இல்லை. மத்திய அரசின் மக்கள்தொகை கணிப்புப்படி, 2021இல் தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம். கேரளாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான். 2031இல் இது 18.2 சதவீதம் ஆகும் என்கிறது அதே கணிப்பு. அதாவது, ஐந்தரை பேரில் ஒருவர். இவர்கள் எத்தனை வயது வரை வாழ்வார்கள் என்பதோடு, அடுத்தவர் கை பிடிக்காமல் எத்தனை வயது வரை கழிவறைக்குப் போய்வருவார்கள் என்பதும் முக்கியமான கேள்வி.

உட்கார்ந்தால் என்ன ஆகும்?

நடுத்தர வயதிலிருந்தே தசை மெல்லக் குறையத் தொடங்குகிறது. அறுபதுக்குப் பிறகு அந்த வேகம் கூடும். இப்படித் தசையும் அதன் பலமும் அளவுக்கு மீறிக் குறைவதை மருத்துவர்கள் 'சார்கோபீனியா' என்கிறார்கள். வயது ஒரு காரணம். பயன்படுத்தாமல் விடுவது இன்னொரு காரணம். முதல் காரணத்தை யாராலும் மாற்ற முடியாது. இரண்டாவது நம் கையில் இருக்கிறது.

படுக்கை எவ்வளவு வேகமாகத் தசையைக் கரைக்கும் என்பதற்கு, 2007இல் அமெரிக்க மருத்துவ இதழான 'ஜாமா'வில் வெளியான ஓர் ஆய்வு உதாரணம். ஆரோக்கியமாக இருந்த 12 முதியவர்களை 10 நாட்கள் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். பத்தே நாளில் அவர்கள் கால்களிலிருந்து மட்டும் சராசரியாக ஒரு கிலோ அளவுக்குத் தசைப் பகுதி குறைந்திருந்தது. நோயே இல்லாதவர்களுக்கே இந்த நிலை. காய்ச்சல் வந்து இரண்டு வாரம் படுத்த பாட்டி, 'அதுக்கப்புறம் நடையே போச்சு' என்று சொல்வது வெறும் புலம்பல் இல்லை என்பது இதிலிருந்து புரியும்.

'அதான் டெய்லி வாக்கிங் போறாரே!'

நல்ல விஷயம், போகட்டும். நடை இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது, மனசுக்கும் நல்லது. சிக்கல் என்னவென்றால், நம் ஊரில் முதியோர் உடற்பயிற்சி என்றாலே வாக்கிங்கோடு முடிந்துவிடுகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் 65 வயதைக் கடந்தவர்களுக்கு மூன்று விஷயங்களைச் சொல்கிறது. ஒன்று, வாரம் 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு. வேக நடை இதில் அடங்கும். இரண்டு, வாரம் இரண்டு நாட்களாவது தசையை வலுவாக்கும் பயிற்சி. மூன்று, வாரம் மூன்று நாட்களாவது பேலன்ஸையும் பலத்தையும் சேர்த்துக் கூட்டும் பயிற்சிகள். நம் பூங்காக்களில் காலையில் நடப்பது முதல் விஷயம் மட்டும்தான். மற்ற இரண்டும் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன.

அவை ஏன் முக்கியம்? முதுமையில் பலரின் வாழ்க்கையைத் திருப்பிப்போடுவது ஒரு வழுக்கல்தான். குளியலறையில் விழுவார்கள், இடுப்பு எலும்பு முறியும், அறுவை சிகிச்சை, படுக்கை, அப்புறம் விழுந்துவிடுவோமோ என்ற பயம். அந்தப் பயத்தில் நடமாட்டம் குறையும். நடமாட்டம் குறைந்தால் கால் இன்னும் பலவீனமாகும். மறுபடி விழும் வாய்ப்பு கூடும்.

இந்தச் சுழலை உடற்பயிற்சியால் உடைக்க முடியும். 2019இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 23,000க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற 108 ஆய்வுகளை அலசியது. உடற்பயிற்சி செய்த முதியோர் கீழே விழுவது சுமார் 23 சதவீதம் குறைந்திருந்தது. பேலன்ஸ் பயிற்சிகளின் பலன் தெளிவாகத் தெரிந்தது. வெறும் நடைப்பயிற்சி மட்டும் விழுவதைத் தடுக்கிறதா என்று கேட்டால், அதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை.

'எண்பது வயசுக்கு மேல எதுக்கு?'

தொண்ணூறிலும் தசை வளரும். 1990இல் பாஸ்டன் நகரின் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில், 90 வயதை ஒட்டிய பத்து பேருக்கு எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். முடித்த ஒன்பது பேரின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. சிறிய ஆய்வுதான், மருத்துவக் கண்காணிப்போடு நடந்ததுதான். ஆனாலும் 'வயசாயிடுச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாது' என்ற நினைப்பை அது அசைத்துப் போட்டது.

வீட்டிலேயே எப்படித் தெரிந்துகொள்வது?

முதியோரின் கால் பலத்தை அளக்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. கைப்பிடி இல்லாத, உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடிகளில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அட்டவணைப்படி, 65 முதல் 69 வயதுள்ள ஆண் 12 முறைக்குக் குறைவாகவும், பெண் 11 முறைக்குக் குறைவாகவும் செய்தால் அது சராசரிக்குக் கீழ். 80 முதல் 84 வயதில் இந்த அளவு ஆணுக்கு 10, பெண்ணுக்கு 9. கையை ஊன்றாமல் எழவே முடியவில்லை என்றால், விழும் ஆபத்து அதிகம் என்று அர்த்தம்.

எண்ணிக்கை குறைந்தால் பதற வேண்டாம். சோதனைதான் பயிற்சியும். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, பிடிமானத்துக்குப் பக்கத்தில் ஒற்றைக் காலில் சில விநாடிகள் நிற்பது. இதற்கு ஜிம் வேண்டாம். குறைவாகத் தொடங்கி, பழகப் பழகக் கூட்டினால் போதும். தசை வளரச் சாப்பாட்டில் புரதமும் வேண்டும். ராத்திரி ரெண்டு இட்லியோடு முடித்துக்கொள்ளும் பெரியவர்கள் பருப்பு, சுண்டல், முட்டை, தயிர் பக்கம் போக வேண்டும். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் இதை மருத்துவரிடம் கேட்டுச் செய்யணும்.

முட்டி வலி உள்ளவர்கள்? மூட்டுத் தேய்மானத்துக்கான சிகிச்சையிலேயே தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி முதல் வரிசையில் இருக்கிறது. எந்தப் பயிற்சி, எவ்வளவு என்பதை பிசியோதெரபிஸ்ட் சொல்வார். இதய நோய் உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவரிடம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். நெஞ்சு வலியோ, தலைசுற்றலோ, வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறலோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் சட்டைப் பையில் ரெண்டு மிட்டாய் வைத்திருப்பது நல்லது.

எல்லா முதியவர்களும் ஒன்றா?

இல்லை. காலை ஆறு மணிக்குப் பூங்காவில் பாருங்கள். அப்பாக்கள் கை வீசி நடப்பார்கள். அம்மாக்களில் பலர் அந்நேரம் வீட்டில் சட்னி அரைத்துக்கொண்டிருப்பார்கள். 'வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே' என்பது பாதி உண்மை. வீட்டு வேலையும் உடலுழைப்புதான். ஆனால் அம்மியும் கிணறும் போய் மிக்ஸியும் மோட்டாரும் வந்த வீட்டில், மணிக்கணக்கில் நிற்பதும் குனிவதும் களைப்பைத் தருமே தவிர, பலத்தைக் கூட்டாது. வீட்டில் ஓர் அரை மணி நேர வேலையை வேறொருவர் எடுத்துக்கொண்டால்தான் அம்மாவுக்குப் பயிற்சி நேரம் கிடைக்கும்.

எழுபது வயதிலும் களை பறிக்கப் போகும் கிராமத்துப் பாட்டிக்கு இந்த அறிவுரையே பொருந்தாது. அவருக்கு வேண்டியது ஓய்வும் நல்ல சாப்பாடும் சரியான ஓய்வூதியமும்.

அரசு என்ன செய்யலாம்?

கட்டமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மாத்திரையோடு பிசியோதெரபியையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது. 2023இல் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையோடு 'நடப்போம் நலம் பெறுவோம்' வந்தது. 2024இல் கிண்டியில் முதியோருக்கென 200 படுக்கைகளுடன் தேசிய மருத்துவமனை திறக்கப்பட்டது. எல்லாமே நல்ல முயற்சிகள். ஆனால் மருத்துவமனை விழுந்த பிறகு பார்க்கிறது. 8 கிலோமீட்டர் நடை ஏற்கெனவே நடக்க முடிந்தவருக்குத்தான் உதவும். நடுவில் இருப்பவர்களுக்கு, அதாவது தடுமாற ஆரம்பித்திருப்பவர்களுக்கு, என்ன இருக்கிறது?

வீட்டுக்கு வந்து ரத்த அழுத்தம் பார்க்கும் தன்னார்வலர், அந்த 30 விநாடி நாற்காலிச் சோதனையையும் செய்து பார்க்கலாம். எண்ணிக்கை குறைந்தவர்களுக்கு அருகிலுள்ள நலவாழ்வு மையத்தில் வாரம் மூன்று நாள் பேலன்ஸ் வகுப்பு நடத்தலாம். இதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை. நாற்காலிகளும் ஒரு பயிற்சியாளரும் போதும். மாநகராட்சிகள் தங்கள் பங்குக்கு நடைபாதையை பைக்குகளிடமிருந்து மீட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். தடுக்கி விழுவோமோ என்ற பயமில்லாத நூறு மீட்டர் நடைபாதை, வீட்டு வாசலிலிருந்தே தொடங்க வேண்டும்.

வீட்டிலிருப்பவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி, வழுக்காத மிதியடி, ராத்திரியில் எரிய ஒரு சின்ன விளக்கு, இவற்றை இந்த வாரமே செய்துவிடலாம். அதைவிடச் சுலபமானது, 'உட்காருங்க' என்பதற்குப் பதிலாக 'வாங்கப்பா, சேர்ந்தே செய்வோம்' என்று சொல்வது. இன்று சாயங்காலம் நாற்காலியைச் சுவரோடு போட்டு எண்ணிப் பாருங்கள். அப்பா எட்டு முறை எழுந்தாரா? மூன்று மாதத்தில் அதைப் பத்தாக்க முடிகிறதா என்று பாருங்கள்.